பட்டறையில் சிலிண்டரைப் பத்திரமாக வைப்பது எப்படி?

மும்பையில் நம்மவர்கள் செய்யும் தொழில்கள் பல விதம். கிரில், ஷட்டர் செய்யும் வெல்டிங் பட்டறைகள், கார் டிங்கரிங் கடைகள், ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர்கள், சோடா தயாரிப்பவர்கள், மெஸ், இட்லிக் கடை, கல்யாண சமையல் காண்ட்ராக்டர்கள் என்று பட்டியல் நீளும். பார்க்கச் சம்பந்தமே இல்லாத இந்தத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. மூலையில் நிற்கும் கேஸ் சிலிண்டர்தான் அது.

ஒரு என்ஜினியரிங் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் 30 வருடங்களுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். சங்கத்து நண்பர்கள் சிலர் தங்கள் பட்டறைக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகும்படி அழைப்பதுண்டு. போனதும் நான் முதலில் பார்ப்பது சிலிண்டர் எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். மெஷின்கள் எல்லாம் அதற்கு அப்புறம். பத்து இடத்துக்குப் போனால் ஏழெட்டு இடத்தில் சிலிண்டர் சும்மா சுவரில் சாய்ந்துகொண்டிருக்கும். சொன்னால் வரும் பதிலும் ஒன்றுதான்: "இருபது வருஷமா இப்படித்தான் சார் நிக்குது, ஒண்ணும் ஆகலியே!"

ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, இதுவரை தப்பித்து வந்திருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே இருப்பது என்ன?

பட்டறைகளில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 47 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜனை அடைத்து வைக்கிறார்கள். 150 மடங்கு நெருக்கினால்தான் இது முடியும். ஆகவே உள்ளே இருக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 கிலோதான். டயர் வெடித்தாலே தெருவே திரும்பிப் பார்க்கிறது. இங்கே அதைப் போல் எழுபது மடங்குக்கும் மேலான அழுத்தம் மூலையில் அமைதியாக நின்றுகொண்டிருக்கிறது.

இரும்பு உடல் இந்த அழுத்தத்தைத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. சோதனையின்போது இதைவிட அதிகமான அழுத்தத்தையும் அது தாங்கிக் காட்டியாக வேண்டும். சிலிண்டரின் பலவீனமான இடம் கழுத்தில் இருக்கும் பித்தளை வால்வு. நிற்கும் சிலிண்டர் சரிந்து, வால்வு ஏதாவது விளிம்பில் மோதி முறிந்தால், உள்ளே உள்ள வாயு அந்தச் சிறு துவாரம் வழியே சீறிப் பாயும். வாயு ஒரு பக்கம் பாய, சிலிண்டர் எதிர்ப் பக்கம் பாயும். தீபாவளி ராக்கெட்டின் தத்துவமேதான். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள ராக்கெட் செங்கல் சுவரையும் துளைத்துப் போகும். இதற்கு நெருப்போ பொறியோ தேவையில்லை. எரியாத வாயுவான நைட்ரஜன் சிலிண்டருக்கும் இதே கதிதான்.

முதல் விதி: விழக் கூடாது

ஆகவே சிலிண்டர் பாதுகாப்பில் முதல் பாடம் மிக எளியது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், விழ முடியாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். சுவரில் இரண்டு கொக்கி, ஒரு இரும்புச் சங்கிலி, அவ்வளவுதான் செலவு. சங்கிலி சிலிண்டரின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் இடத்தில் சுற்றி வர வேண்டும். தாழக் கட்டினால் மேல்பாகம் சாயும். கயிறு வேண்டாம், தீப்பொறி பட்டால் கருகிவிடும். உபயோகத்தில் இல்லாதபோது ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வால்வுக்கு மேல் மூடியைத் திருகி வைக்க வேண்டும். அந்த மூடி விழும் அடியைத் தான் வாங்கிக்கொண்டு வால்வைக் காப்பாற்றுகிறது. பல இடங்களில் அது ஆணி போட்டு வைக்கும் கிண்ணமாகப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். சங்கிலி இல்லாமல் ஐந்து சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. முன்னால் இருந்ததை உருட்டி எடுத்தபோது பின்னால் இருந்தவை சரிந்தன. வால்வு எதுவும் முறியவில்லை, வாயு கசியவில்லை, நெருப்பும் இல்லை. ஆனால் எடுத்த பையனின் வலது கால் கீழே அகப்பட்டுக்கொண்டது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்த, 19 வயதுப் பையன். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. காலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தான். இந்த மாதிரி விபத்து பத்திரிகையில் வராது. வெடிவிபத்துதான் செய்தியாகிறது. ஆனால் சிலிண்டரால் ஏற்படும் காயங்களில் கால் நசுங்குவதும் கை நசுங்குவதும் சர்வ சாதாரணம்.

எதன் பக்கத்தில் எதை வைப்பது?

இரண்டாவது பாடம், சேரக் கூடாதவற்றைச் சேர்க்காதிருப்பது. இதற்கு ஒவ்வொரு வாயுவின் குணமும் தெரிய வேண்டும்.

ஆக்சிஜன் தானாக எரியாது, மற்றவற்றை எரிய வைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம். இது சற்றுக் கூடினாலே, லேசில் பற்றாத துணியும் குப்பென்று பற்றும். எண்ணெயும் கிரீஸும் ஆக்சிஜனுக்கு ஜன்ம விரோதிகள். அதிக அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் கிரீஸில் பட்டால் தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். ஆகவே வால்வு இறுகியிருக்கிறது என்று எண்ணெய் விடுவதும், கிரீஸ் கையால் ரெகுலேட்டரைத் தொடுவதும் கூடவே கூடாது. வேலை முடிந்ததும் ஆக்சிஜன் குழாயைத் திறந்து சட்டையில் உள்ள தூசியை ஊதிக்கொள்ளும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. சட்டை நூலிழைகளுக்குள் ஆக்சிஜன் தங்கிவிடும். அதன் பிறகு ஒரு பீடி பற்ற வைத்தால் போதும்.

அசிட்டிலீன் குணம் இதற்கு நேர் மாறானது. அது எரியும், அதிக அழுத்தத்தில் தனித்து இருந்தால் ஆக்சிஜன் இல்லாமலே சிதைந்து வெடிக்கவும் கூடும். அதனால்தான் அதன் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் என்ற திரவத்தை ஊற வைத்து, அந்தத் திரவத்தில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சர்க்கரை தண்ணீரில் கரைந்திருப்பதுபோல் அது அடங்கி இருக்கிறது. இந்தச் சிலிண்டரைப் படுக்க வைத்தால் அசிட்டோன் வால்வு வழியே வெளியேறும். அதனால் அசிட்டிலீன் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்த நிலையில் வண்டியில் வந்திருந்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே உபயோகிக்க வேண்டும். அசிட்டிலீன் லைனில் செம்புக் குழாய் போடவே கூடாது. செம்புடன் சேர்ந்து வெடிக்கும் தன்மையுள்ள கூட்டுப் பொருள் உண்டாகும்.

ஆக, எரியும் வாயுவையும் எரிய வைக்கும் வாயுவையும் ஒரே மூலையில் இருப்பு வைப்பது எவ்வளவு விபரீதம் என்பது புரியும். இரண்டுக்கும் நடுவே 6 மீட்டர் இடைவெளி, அல்லது அரை மணி நேரம் தீயைத் தாங்கும் 1.5 மீட்டர் உயரச் சுவர் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் கணக்கு. "டிராலியில் இரண்டையும் ஒன்றாகத்தானே வைத்து வேலை செய்கிறோம்?" என்று கேட்பீர்கள். வேலை நடக்கும்போது வெல்டர் பக்கத்தில் இருக்கிறார், கண் அதன் மேல் இருக்கிறது. பூட்டிய பட்டறையில் இரவெல்லாம் சேர்ந்து நிற்பது வேறு.

"என் பட்டறையே 150 சதுர அடி, 6 மீட்டருக்கு எங்கே போவது சார்?" என்றார் குர்லாவில் ஓர் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. "இருப்பு வைக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். வேலைக்கு வேண்டியது ஒரு ஆக்சிஜன், ஒரு அசிட்டிலீன். டீலர் வாரம் ஒரு முறை ஆறு சிலிண்டர் இறக்குவதற்குப் பதில் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றிக் கொடுத்தால் இடமும் மிச்சம், அபாயமும் குறைவு. மீதி இருப்பவற்றுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர் எழுப்பினால் போதும். அவர் சுவர் எழுப்பினார். அரை நாள் வேலை.

நிறத்தை மட்டும் நம்பலாமா?

இந்திய முறைப்படி ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு. மருத்துவ ஆக்சிஜன் என்றால் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். அசிட்டிலீன் மெரூன். ஹைட்ரஜன் சிவப்பு. ஆர்கான் நீலம். நைட்ரஜன் சாம்பல் உடல், கறுப்புக் கழுத்து. குளோரின் மஞ்சள். ஹோட்டல்களுக்கு வரும் 19 கிலோ எல்.பி.ஜி. சிலிண்டரும் நீலம்தான், வீட்டுக்கு வருவது சிவப்பு. பெயின்ட் உரிந்து துருப்பிடித்த சிலிண்டரின் நிறத்தைப் பட்டறை வெளிச்சத்தில் யார் சரியாகச் சொல்ல முடியும்? கொரோனா காலத்தில் தொழிற்சாலைச் சிலிண்டர்களைச் சுத்தம் செய்து மருத்துவ ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள அரசு அனுமதித்ததும் நினைவிருக்கலாம். ஆகவே நிறம் ஓர் அடையாளம் மட்டுமே. லேபிளில் உள்ள பெயரைப் படித்த பிறகே தொட வேண்டும். பெயர் இல்லாத சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புவதே உத்தமம்.

தோளில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். ஆக்சிஜன் போன்றவற்றின் சிலிண்டருக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை உண்டு. எல்.பி.ஜி.யில் கைப்பிடி வளையத்தின் உட்பக்கம் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி, சி, டி அடுத்தடுத்த மூன்று மாதங்கள். சி-27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டியது என்று பொருள்.

வெயிலும் மழையும்

மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் சிலிண்டர் வெடித்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆக்சிஜனைப் பொறுத்தவரை 15 டிகிரியில் 150 கிலோவாக இருக்கும் அழுத்தம் 45 டிகிரியில் 165 கிலோவை ஒட்டி வரும். இரும்பு இதைத் தாங்கும். திரவமாக அடைக்கப்படும் வாயுக்களின் விஷயம் வேறு. சோடாவுக்கு உபயோகிக்கும் கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்கவே முடியாது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டராக இருந்தால் ஆபத்துதான். நிழலும் காற்றும் உள்ள இடம், அடுப்பு, பாய்லர், வெல்டிங் பொறி எட்டாத தூரம் என்பது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான விதி.

மழைக்காலத்தில் ஈரத் தரையில் நிற்கும் சிலிண்டரின் அடிப்பாகம் யாருக்கும் தெரியாமல் துருப்பிடிக்கும். ஒரு சிமென்ட் மேடை கட்டி அதன் மேல் வையுங்கள். 2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைவாசிகள் மறக்க முடியுமா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எல்.பி.ஜி. சிலிண்டர் காலியாக இருந்தால்தான் மிதக்கும் என்று நினைப்போம். நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும். 14.2 கிலோ சிலிண்டரின் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ. அது விலக்கும் தண்ணீரோ 33 கிலோவுக்கும் மேல். வெள்ளத்தில் மிதந்து ரப்பர் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகாதிருக்கவும் சங்கிலி அவசியம்.

காற்றோட்டம்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். ஆகவே பேஸ்மென்ட்டில் அதை வைக்கக் கூடாது, காற்றுப் போக்கி தரை மட்டத்திலும் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியிலும் எந்தச் சிலிண்டரும் வேண்டாம். அங்கே தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்க வழியில்லை.

நைட்ரஜனும் ஆர்கானும் எரியா, நாறா. அதனாலேயே அவற்றை யாரும் மதிப்பதில்லை. மூடிய அறையில் கசிந்தால் அவை ஆக்சிஜனை விலக்கிவிடும். மூச்சுத் திணறல் கூடத் தெரியாமல் மனிதன் மயங்கி விழுவான். தூக்கப் போகிறவனும் விழுவான். ஏ.சி. மெக்கானிக்குகள் நைட்ரஜன் சிலிண்டருடன் லிஃப்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குப் பகீரென்கிறது. சிலிண்டரைத் தனியே அனுப்பி, மேலே ஒருவர் நின்று வாங்கிக்கொள்வதுதான் முறை.

கவனிப்பாரின்றிக் கிடக்கும் சிலிண்டர் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2010 ஜூலை 14ஆம் தேதி சிவ்ரியில், ஹாஜி பந்தர் துறைமுகக் கிடங்கில், பல ஆண்டுகளாக யாரும் எடுத்துப் போகாமல் கிடந்த குளோரின் சிலிண்டர்களில் ஒன்று கசிந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அன்று யாரும் அதைத் தொடவில்லை, உருட்டவில்லை. துருவுக்கு நாள், கிழமை கிடையாது. உங்கள் பட்டறையின் பின்பக்கம் "எப்போதோ வந்தது" என்று ஒரு சிலிண்டர் கிடந்தால், இந்த வாரமே டீலரை அழைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

காலி என்பது காலியா?

காலி சிலிண்டர் முழுக்கக் காலியாவதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக வாயு உள்ளே தங்கியே இருக்கும். எரியும் வாயுவானால் அந்த மிச்சமே போதும். ஆகவே காலியானதும் வால்வை மூடி, மூடியைத் திருகி, சாக்பீஸால் "காலி" என்று எழுதி, நிரம்பியவற்றிலிருந்து பிரித்து நிறுத்துங்கள். அதற்கும் சங்கிலி உண்டு. காலியானாலும் அது கனம்தான், விழுந்தால் கால் கால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1884ஆம் வருட வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் வருட கேஸ் சிலிண்டர் விதிகள்தான் இதை ஆள்கின்றன. நாகபுரியில் தலைமையகம் கொண்ட பெசோ என்ற மத்திய அரசு அமைப்பு இதைக் கவனிக்கிறது. நான் மேலே சொன்ன நிழல், காற்றோட்டம், எரியும் வாயுவைப் பிரித்து வைத்தல், காலியைத் தனியே வைத்தல் ஆகியவை அந்த விதிகளிலும் உண்டு. எல்.பி.ஜி. 100 கிலோவுக்கு மேல் இருப்பு வைக்க லைசென்ஸ் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ; ஆறாவது வந்தால் எல்லை தாண்டியது. கல்யாண சமையல்காரர்கள் கவனிக்க. வீட்டுச் சிலிண்டரைப் பட்டறையில் உபயோகிப்பதும், பெரியதிலிருந்து சிறியதற்கு நாமே மாற்றி அடைப்பதும் குற்றம். அதைவிட முக்கியமாக, உயிருக்கு ஆபத்து.

கசிந்தால், தீப்பிடித்தால்

கசிவைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீர். தீக்குச்சி ஒருபோதும் கூடாது. எல்.பி.ஜி. வாசனை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தீ என்றால் 101 அல்லது 112. எங்கே, என்ன வாயு, எத்தனை சிலிண்டர் என்பதைத் தீயணைப்புப் படையினரிடம் முதலில் சொல்லுங்கள். நெருப்பில் சூடான அசிட்டிலீன் சிலிண்டர், தீ அணைந்த பிறகும் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கக் கூடும். "தீதான் அணைந்துவிட்டதே" என்று பக்கத்தில் போகவே கூடாது.

யாருக்குச் சொல்ல வேண்டும்?

இவ்வளவையும் படிப்பவர் முதலாளி. ஆனால் சிலிண்டரை உருட்டுபவர் ஹெல்பர். நான் பார்த்தவரை, அதிகம் தொடுபவருக்குத்தான் மிகக் குறைவாகச் சொல்லப்படுகிறது. லேபிளில் இருப்பது ஆங்கிலம். பையன் நெல்லையிலிருந்தோ, உத்தரப் பிரதேசத்திலிருந்தோ, பீகாரிலிருந்தோ வந்தவன். "ஜாக்கிரதையா எடு தம்பி" என்பது ஒரு பாடம் ஆகாது. எதற்காகச் சங்கிலி, எதற்காக மூடி, ஏன் எண்ணெய் கூடாது என்று காரணம் சொன்னால் அவன் மறக்க மாட்டான். மற்றவனுக்கும் சொல்லிக் கொடுப்பான். அவனுக்கு ஒரு ஜோடி பாதுகாப்புக் காலணியும் வாங்கிக் கொடுங்கள்.

தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ஒரே தாளில் இதன் சாரத்தை எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டலாம்:

1. நிமிர்த்தி வை, சங்கிலி போடு.
2. வேலை முடிந்ததும் வால்வை மூடு, மூடியைத் திருகு.
3. ஆக்சிஜனையும் எரியும் வாயுவையும் பிரித்து வை.
4. எண்ணெய்க் கையால் ஆக்சிஜனைத் தொடாதே.
5. காலியைத் தனியே வை.
6. இழுக்காதே, தூக்கிப் போடாதே. டிராலியில் கொண்டு போ.
7. பெயரைப் படி, தெரியாவிட்டால் கேள்.

இந்தத் தாளை மூன்று மொழிகளிலும் தயாரித்துத் தர நான் தயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அறையில் பட்டறை நடத்தும் அன்பர்கள் தங்கள் ஹெல்பர்களையும் அழைத்துக்கொண்டு கூடினால், ஒரு காலி சிலிண்டரையும் ஒரு டிராலியையும் வைத்து எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் செய்தே காட்டிவிடலாம். செயற்குழு நாள் குறித்துச் சொன்னால் போதும். அதுவரை காத்திராமல், நாளைக் காலை ஷட்டரைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சங்கிலி இருக்கிறதா என்று பார்ப்பது.